மாதம் ஒரு ஞாயிறு நமக்காக நடப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வங்கிக் கடன், தையல் யூனிட், கறவை மாடு என்று வருமானம் தரும் விஷயங்களைப் பேசினார்கள். நான் பேசப்போவதில் ஒரு பைசா வருமானம் கிடையாது. எங்கள் குழுவில் தொடங்கிய நடைக்குழுவைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். "அதைப் போய் மேடையில பேசுறதா?" என்று கேட்டேன். "எப்படி நடத்துறீங்கன்னு நாலு கிராமத்துல கேக்குறாங்க, அதை மட்டும் சொல்லு, போதும்" என்றார்கள். அதனால் எப்படி நடத்துகிறோம் என்பதைத்தான் அதிகமாகச் சொல்லப்போகிறேன்.

2022 தை மாதத்தில் ஒன்பது பேராகத் தொடங்கினோம். இப்போது பதினாலு பேர். மாதா மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்புவோம். ஏரிக்கரை, ஆற்றங்கரை, கடற்கரை என்று ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொண்டு நடப்போம். பக்கத்து இடம் என்றால் காலை ஒன்பது மணிக்குள் வீடு வந்துவிடுவோம். கடற்கரை என்றால் பதினோரு மணி ஆகும். கனமழை மாதங்கள் தவிர நின்றது கிடையாது.

ஏன் நடக்கணும்?

தொடங்கும்போது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் நடந்துக்கிட்டுத்தானே இருக்கோம், இதுல தனியா வேற நடக்கணுமா?"

நியாயமான கேள்விதான். தண்ணீர்க் குழாய்க்கு, ரேஷன் கடைக்கு, மாட்டுக்குப் புல் அறுக்க, பிள்ளையை வண்டி ஏத்த, நூறு நாள் வேலைக்கு என்று நாம் நடப்பதற்கு அளவே இல்லை. ஆனால் அந்த நடையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடுப்பில் குடமோ, தலையில் கட்டோ, கையில் பையோ இருக்கும். நாலு எட்டு வைத்தால் நிற்க வேண்டும், குனிய வேண்டும். மனசு முழுக்க அடுத்த வேலையிலே இருக்கும். கையை வீசி, நிமிர்ந்து, ஒரே சீராக ஒரு மணி நேரம் நடந்த நாள் எது என்று எங்கள் கூட்டத்தில் கேட்டபோது, பள்ளிக்கூடம் போன காலத்தைத்தான் பாதிப் பேர் சொன்னார்கள்.

சர்க்கரை வியாதி விஷயத்துக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. அதன்படி புதுச்சேரியில் பெரியவர்கள் நூறு பேரில் 26 பேருக்குச் சர்க்கரை வியாதி. இந்தியாவிலேயே கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இந்த அரங்கில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஒருத்தருக்கு இருக்கும் என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்கும்படியான நடையோ உழைப்போ வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். மாதம் ஒருமுறை நடந்தால் இந்தக் கணக்கு வராது, அது எங்களுக்கும் தெரியும். அதனால் வார நாட்களில் அவரவர் தெருவில் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கிறோம். மாத நடைதான் அதை இழுத்துப் பிடிக்கிறது. "அடுத்த ஞாயிறு ஆறு கிலோமீட்டர் போகணுமே, இப்ப நடக்கலைன்னா மூச்சு வாங்குமே" என்ற பயத்திலேயே வார நடை நடக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால் "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்பார்கள். கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, கூட்டத்துக்கு என்று ஒரு பதில் கையில் இருக்க வேண்டும். "சும்மா, நடக்கப் போறேன்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆண்பிள்ளைகள் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பதை யாரும் கேட்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்களையும் கேலி பேசினார்கள். இன்றைக்கு நம் பெண்பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நடையும் அப்படித்தான் பழக்கமாகும். தனியாகப் போனால் கேள்வி வரும். பத்துப் பேராக, மாதா மாதம் அதே நாளில் போனால் மூன்றாவது மாதம் கேள்வி நின்றுவிடுகிறது. "இன்னைக்கு ரெண்டாவது ஞாயிறாச்சே, உங்க நடை நாளாச்சே" என்று டீக்கடைக்காரரே சொல்கிறார்.

எப்படித் திட்டம் போடுவது?

ஊருக்கு ஊர் நடக்கத் தொடங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறது. எங்களுடையது நிற்காததற்குக் காரணம், அதைக் குழுக் கூட்டம் மாதிரியே நடத்துவதுதான். சேமிப்புக் கூட்டத்துக்கு என்னென்ன வைத்திருக்கிறோமோ அதெல்லாம் நடைக்கும் வைத்திருக்கிறோம்.

முதலாவது, நாள். மாற்றக்கூடாது. "இந்த வாரம் வேணாம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஒருமுறை சொன்னால் அதோடு போச்சு. ஐந்து பேர்தான் வந்தாலும் அந்த ஐந்து பேர் நடக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து என்று யாருக்காவது ஒரு விசேஷம் எப்போதும் இருக்கும். அவர்கள் அடுத்த மாதம் வரட்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. எட்டுப் பேருக்குக் குறைந்தால் இரண்டு பேர் வராவிட்டாலே சோர்ந்துவிடும். பதினைந்துக்கு மேல் போனால் முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர் தெரிவதில்லை. அதற்கு மேல் பேர் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பொறுப்பு. மாதம் ஒருவர் நடைத் தலைவி. இது சுழற்சியில் வரும், குழுத் தலைவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத அக்காவும் தலைவியாக இருந்திருக்கிறார். அவருடைய வேலை என்னவென்றால், இடத்தைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வது, முந்தின வாரமே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய் வழியைப் பார்த்துவிட்டு வருவது. வழி பார்ப்பதில் ஐந்து விஷயம் கேட்போம். குடிதண்ணீர் எங்கே இருக்கிறது? கழிப்பறை எங்கே? நாய்த் தொல்லை உண்டா? நிழல் எவ்வளவு தூரம்? யாருக்காவது முடியாமல் போனால் டெம்போவோ பஸ்ஸோ எந்த இடத்தில் கிடைக்கும்? கழிப்பறையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதற்குப் பயந்துதான் பாதிப் பெண்கள் வெளியே வருவதில்லை. வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயக்கம் வரவழைத்துக்கொள்கிறார்கள். கோயில், பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம், தெரிந்த குழு உறுப்பினர் வீடு, இதில் ஏதாவது ஒன்று வழியில் இருக்க வேண்டும். அவர்களிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

நான்காவது, தூரம். முதல் இரண்டு மாதம் நாலு கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். பேசிக்கொண்டே நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு நாலு கிலோமீட்டர் வரும். பிறகு ஆறு, பிறகு எட்டு. எங்களில் முட்டிவலிக்கார ஆயா ஒருவர் இருக்கிறார். எங்கள் வேகம் அவருடைய வேகம்தான். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று நிறுத்திவிடுவோம். கடைசியில் வருகிறவரை யாரும் தாண்டிப் பின்தங்கக்கூடாது. முன்னால் போகிறவரை யாரும் தாண்டி ஓடக்கூடாது. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்காருவோம்.

ஐந்தாவது, பதிவேடு. தேதி, வந்தவர் பெயர், போன இடம், நடந்த தூரம், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், வழியில் பார்த்தது என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை எழுதச் சொன்னால் ஆசையாக எழுதுகிறார்கள்.

ஆறாவது, காசு. ஆளுக்கு மாதம் 20 ரூபாய். சேமிப்புக் கணக்கோடு கலக்கக்கூடாது. டெம்போ வாடகை, சுண்டல், உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட், பிளாஸ்திரி எல்லாம் இதில் வாங்குவோம். மிச்சம் இருந்தால் அடுத்த மாதத்துக்கு.

வீட்டு விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தங்கச்சிக்கு வர ஆசை, மாமியார் விடவில்லை. நாங்கள் மருமகளை விட்டுவிட்டு மாமியாரைக் கூப்பிட்டோம். இப்போது அந்த அத்தை ஒரு மாதம் தவறுவதில்லை. மருமகள்தான் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் நின்றுவிடுகிறாள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் செய்து மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பணும் என்று யாரும் தங்களுக்கே சட்டம் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று மணிக்கு எழுந்து இட்லி ஊத்திவிட்டு நடக்க வந்தால் நடை எப்படி நடக்கும்? மாதம் ஒரு காலை அவர்கள் டீ போட்டுக் குடிக்கட்டும்.

எந்த மாதம் எங்கே?

நம்முடைய இடம் சின்ன இடம். ஆனால் ஏரி, ஆறு, கடல் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. புதுச்சேரிப் பகுதியில் மட்டும் 84 ஏரிகள். எங்கள் அட்டவணையைச் சொல்கிறேன். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

மார்கழியில் ஊசுட்டேரி. மழைத் தண்ணீர் நிறைந்து நிற்கும் காலம். புதுச்சேரியின் பெரிய ஏரி இதுதான். நம் பக்கமும் தமிழ்நாட்டுப் பக்கமும் சேர்ந்து சுமார் 800 ஹெக்டேர். சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. 2008-ல் நம் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம், நாமக்கோழி, வெளிநாட்டிலிருந்து வரும் ஊசிவால் வாத்து எல்லாம் பார்க்கலாம். பறவை பார்க்கப் போனால் சத்தம் போட்டுப் பேசக்கூடாது என்று சொன்னபோது, "அப்ப நாம எப்படிப் போறது?" என்று எங்கள் ஆயா கேட்டார். அன்றைக்கு உண்மையிலேயே ஒரு மணி நேரம் பேசாமல் நடந்தோம். "இவ்வளவு நேரம் யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தது இன்னைக்குத்தான்" என்றார் ஒரு அக்கா.

தை, மாசியில் கடற்கரை. பாகூர் கொம்யூனில் பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் பக்கம் டெம்போவில் போய் இறங்கி நடப்போம். வெயில் ஏறாத காலம். மணலில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். மணலில் நடந்தால் தரையைவிடச் சீக்கிரம் களைத்துப் போகும், அதனால் மூன்று கிலோமீட்டரே போதும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் நடப்பது சுலபம்.

அந்த மாதங்களில்தான் பங்குனி ஆமை ராத்திரியில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலேயும் இருக்கும். குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். காலையில் போனால் டிராக்டர் போன மாதிரி மணலில் தடம் தெரியும். தடத்தைப் பார்த்தால் தோண்டக் கூடாது, வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். சென்னைக் கடற்கரையில் 1970-களின் தொடக்கத்திலேயே ஆமை முட்டையைக் காப்பாற்ற ராத்திரியில் நடக்கத் தொடங்கினார்கள். 1988-லிருந்து கல்லூரி மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து, ஒவ்வொரு வருஷமும் ஆமை வரும் மாதங்களில் ராத்திரி ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் போல நடக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் போய்விடுவார்கள், புதியவர்கள் வருவார்கள், நடை மட்டும் நிற்கவில்லை. கூட்டம் சின்னதாக இருந்தாலும் முறை இருந்தால் முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பங்குனி, சித்திரையில் சங்கராபரணிக் கரை. வில்லியனூரிலிருந்து திருக்காஞ்சி. ஐந்தரை மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். கங்கவராக நதீஸ்வரர் கோயில் படித்துறையில் உட்கார இடமும் உண்டு, தண்ணீரும் உண்டு.

வைகாசி, ஆனியில் கத்திரி வெயிலும் அதன் சூடும். நீண்ட நடை வேண்டாம். மரநிழல் இருக்கும் சாலையில் மூன்று, நாலு கிலோமீட்டர். ஆறு மணிக்கு மேல் கிளம்பக்கூடாது.

ஆடி, ஆவணியில் கீழூர். வில்லியனூர் கொம்யூனில் இருக்கிற இந்தச் சின்னக் கிராமத்தில்தான் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சி முடிந்தது அந்த வாக்கெடுப்பில்தான். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அதனால்தான் வருஷா வருஷம் ஆகஸ்ட் 16-ஆம் தேதி அங்கே கொடியேற்றுகிறார்கள். பக்கத்து ஊரிலேயே பிறந்து, அந்த நினைவுச்சின்னத்தை முதல்முதலாகப் பார்த்தவர்கள் எங்கள் குழுவில் ஆறு பேர்.

புரட்டாசியில், மழைக்கு முன்னால், பாகூர் ஏரி. புதுச்சேரியில் இரண்டாவது பெரிய ஏரி இது. பாகூரை நெற்களஞ்சியம் என்று சொல்வது இந்த ஏரித் தண்ணீரால்தான். மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்ததையும், அதை நடத்த மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததையும் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சங்கதி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து இந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். சிங்காரி, பங்காரி என்று இரண்டு பெண்கள் தங்கள் சொத்தைச் செலவழித்து வாய்க்கால் வெட்டினார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். பெயரிலேயே அந்தப் பெண் இருக்கிறாள். இந்தக் கதையைக் கரையில் உட்கார்ந்து கேட்டபோது, "நாம கடன் வாங்கி மாடு வாங்குனதையே பெருசா பேசுறோம்" என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

ஐப்பசி, கார்த்திகையில் நீர்நிலை பக்கமே போவதில்லை. தெருவுக்குள் நடப்பதோடு சரி.

எச்சரிக்கைகள்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்தில்தான் கரை கடந்தது. சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அரங்கில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களே பலர் இருக்கிறீர்கள். மழைக்காலத்தில் ஏரிக்கரை ஊறிப்போயிருக்கும், கலங்கல் போகும். கலங்கலில் முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கக்கூடாது, அதன் இழுப்பு நமக்குத் தெரியாது. கடலிலும் அப்படித்தான். நம் கடற்கரையில் ஆழம் சட்டென்று இறங்கும். கால் நனைப்பதற்குக்கூட ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தாலும் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். இளம்பெண்கள் நிறைய. நம் ஊரில் மலையும் இல்லை, காடும் இல்லை. ஆனாலும் பருவத்தைப் பார்ப்பது, அந்த இடம் தெரிந்தவரிடம் கேட்பது, போகிற வழியையும் திரும்புகிற நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது, இந்த மூன்றும் நமக்கும் பொருந்தும். எங்கள் நடைத் தலைவி முதல் நாளே, நடக்க வராத ஓர் உறுப்பினரிடம் பெயர்ப் பட்டியலும் போன் நம்பர்களும் கொடுத்துவிடுவார்.

சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு நடக்க வரக்கூடாது. எப்போது சாப்பிட வேண்டும், மாத்திரை எப்போது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டு வாருங்கள். முந்தானையில் வெல்லமோ மிட்டாயோ முடிந்து வைத்திருங்கள். கை நடுங்கினால், வேர்த்துக் கொட்டினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். வெறுங்காலில் நடக்கவே கூடாது. பின்னால் வார் வைத்த செருப்பு போதும். வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், முள்ளோ கொப்புளமோ இருந்தால் அன்றைக்கே கவனியுங்கள்.

ஏரிக்கரையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கால் வைக்க வேண்டும், பாம்பு இருக்கும். நாய்க்குப் பயந்து ஓடாதீர்கள். முன்னால் போகிறவரிடமும் கடைசியில் வருகிறவரிடமும் ஒரு கம்பு இருந்தால் போதும். மீனவர் குப்பத்துக்குப் போனால் முதலில் அந்த ஊர்ப் பெண்களிடம் சொல்லிவிட்டு நடக்க வேண்டும். காயும் வலையை மிதிக்கக்கூடாது, கருவாடு காயும் இடத்தில் மூக்கைப் பொத்தக்கூடாது. அது அவர்களுடைய களம், நம் களத்து நெல் மாதிரி. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா எவ்வளவு தூரம் நடந்து வருகிறார் என்பது அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

எந்தத் தெருவிலிருந்து கிளம்புவது?

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

எல்லா ஊரையும் போல எங்கள் ஊரிலும் ஊர், காலனி என்று இரண்டு பக்கம் இருக்கிறது. நடைக்குழுவில் இரண்டு பக்கத்துப் பெண்களும் உண்டு. ஊர்க் கோயில் வாசலில் எல்லோரும் கூடிக் கிளம்பலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போது காலனியிலிருந்து வரும் அக்கா கேட்டார், "இருட்டுல நாங்க நாலு பேரு உங்க தெருவுக்கு வந்து நிக்கணும். சரி, வர்றோம். நீங்க எங்க தெருவுக்கு எந்த மாசம் வருவீங்க?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பதிவேட்டிலேயே எழுதி முடிவு செய்தோம். நடைத் தலைவி யாரோ அவர் வீட்டு வாசலில்தான் அந்த மாத நடை தொடங்கும். அவர் வீட்டில்தான் டீ. தலைவி சுழற்சியில் மாறுவதால் கிளம்பும் இடமும் தானாக மாறும். இது தனியாக யாருக்கும் செய்த சலுகை இல்லை, எல்லோருக்கும் ஒரே விதி.

முதல்முறை காலனியில் தொடங்கிய அன்று இரண்டு பேர் வரவில்லை. யாரும் அவர்களைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேராக "வரவில்லை" என்று எழுதினோம், அவ்வளவுதான். அடுத்த முறை அந்தத் தெருவில் தொடங்கியபோது ஒருவர் வந்தார், டீயும் குடித்தார். இன்னொருவர் இன்னும் வரவில்லை. வேறு தெருவில் தொடங்கினால் வருகிறார். அவருக்கும் எங்கள் நோட்டில் இடம் இருக்கிறது. பத்து வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புக் கூட்டம் நடத்தியவர்கள்தான் நாங்கள். ஆனால் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்தது இந்த நடையால்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான். இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால், கிளம்பும் வாசலை முடிவு செய்யுங்கள்.

என்ன கிடைத்தது?

சர்க்கரை அளவு குறைந்தது என்று நான் நம்பர் சொல்லப்போவதில்லை. அதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்கள் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். மூன்று கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்ட அக்கா இப்போது எட்டு கிலோமீட்டர் வருகிறார். வீட்டுக்காரர் தவறிய பிறகு ஒன்றரை வருஷம் வாசலைத் தாண்டாத ஒருவர், முதலில் தெருமுனை வரை வந்தார், இப்போது போன மாதத்தின் நடைத் தலைவி அவர்தான்.

ஊருக்கும் ஒன்று கிடைத்தது. எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்த வாய்க்காலில் குப்பை அடைத்திருக்கிறது, கரையில் எங்கே மண் சரிகிறது என்று எங்கள் நோட்டில் தேதியோடு இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு என்ன எடுக்கலாம் என்று பேசும்போது முன்பெல்லாம் நாங்கள் வாய் திறக்க மாட்டோம். இப்போது நோட்டைத் திறந்து, "வரத்து வாய்க்கால்ல இந்த எடத்துல அடைப்பு, புரட்டாசியில நேர்ல பார்த்தோம்" என்று சொல்கிறோம். ஒரு வாய்க்கால் அப்படித்தான் வேலைப் பட்டியலில் ஏறியது. நேரில் நடந்து பார்த்ததைச் சொல்லும்போது யாரும் மறுத்துப் பேச முடியவில்லை.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிராமத்திலும் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நடைக்குழு தொடங்கலாம். பெரிய செலவு கிடையாது. ஒரு நோட்டும், மாறாத ஒரு நாளும், சுழற்சியில் ஒரு தலைவியும் போதும். வருஷத்தில் ஒருமுறை, மார்கழியில், வில்லியனூர்ப் பக்கத்துக் குழுக்களும் பாகூர்ப் பக்கத்துக் குழுக்களும் ஊசுட்டேரியில் சந்திக்கலாம். மாசியில் நாங்கள் உங்கள் கடற்கரைக்கு வருகிறோம். விருப்பம் உள்ளவர்கள் இன்று மதியச் சாப்பாட்டின்போது எங்கள் பதிவேட்டைப் பார்க்கலாம், கொண்டுவந்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தவர்களுக்கு, எப்படிக் கட்டம் பிரிப்பது என்று இங்கேயே போட்டுத் தருகிறேன்.

அடுத்த மாத நடை எங்களுக்குத் திருக்காஞ்சி. யாராவது வந்து பார்க்க விரும்பினால், காலை ஐந்தரை மணிக்கு வந்துவிடுங்கள். டீ எங்கள் பொறுப்பு. பின்வார் செருப்பு உங்கள் பொறுப்பு.